குடும்பக் குழு: சைக்கிள் பாதையை எங்கே இணைப்பது?

அக்கா: சைக்கிள் பாதைகளுக்கான புது வரைபடத்தை மாநகராட்சி வெளியிட்டிருக்கிறது. மாத இறுதி வரை கருத்து சொல்லலாமாம். எல்லாரும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

சித்தி: பார்த்தேன். ஏரியைச் சுற்றிப் புதிதாகப் போடப் போகிறார்களே, நல்லதுதானே?

நான்: நல்லதுதான் சித்தி. ஆனால் அந்த ஏரிக்கு எப்படிப் போவது? ஆற்றங்கரைப் பாதை நெடுஞ்சாலைப் பாலத்துக்கு முன்னால் வந்து முடிந்துவிடுகிறது. பழைய ரயில் தடத்தில் போட்ட பாதை சாலைக்கு அந்தப் பக்கம் தொடங்குகிறது. நடுவில் ஆறு வழிச் சாலை. புது வரைபடத்திலும் அந்த இடம் வெறுமையாகவே இருக்கிறது.

பெரியப்பா: கொஞ்ச தூரம்தானே? ஓரமாக ஓட்டிக்கொண்டு போய்விடலாமே. நாங்கள் எல்லாம் லாரிகளுக்கு நடுவில்தான் ஓட்டினோம்.

அக்கா: நீங்கள் ஓட்டுவீர்கள் பெரியப்பா. பாப்பாவை எப்படி அனுப்புவது? பள்ளிக்கூடத்துக்கு முக்கால்வாசி வழி ஆற்றங்கரையிலேயே போகலாம். அந்த ஒரு சாலையைக் கடக்க வேண்டியிருப்பதால்தான் தினமும் காரில் கொண்டுபோய் விடுகிறேன்.

நான்: அக்கா சொன்னதுதான் விஷயமே. அமெரிக்காவின் சான் ஹோசே நகரத்தை வைத்து 2012-ல் ஓர் ஆய்வு வந்தது. ஒவ்வொரு தெருவும் சைக்கிளில் போகிறவருக்கு எவ்வளவு பதற்றம் தருகிறது என்று 1 முதல் 4 வரை தரம் பிரித்தார்கள். 1 என்றால் பிள்ளைகளை நம்பி அனுப்பலாம். 2 என்றால் பெரியவர்களில் பெரும்பாலோர் பயமில்லாமல் ஓட்டலாம். ஒரு வழி முழுக்க 1 ஆக இருந்து நடுவில் ஒரே ஒரு துண்டு 4 என்றால், அந்த வழிக்கே தரம் 4தான். சராசரி கிடையாது.

அத்தான்: அப்படித்தான் இருக்க வேண்டும். பாப்பா சராசரியிலா ஓட்டப் போகிறாள்?

நான்: அந்த ஊரில் அமைதியான தெருக்கள் நிறையவே இருந்தன அத்தான். ஆனால் பெரிய சாலைகள் அவற்றைத் தீவுத் தீவாக வெட்டிவிட்டன. சுமார் 10 கிலோமீட்டருக்குள் வேலைக்குப் போகும் பயணங்களில், 2-ஆம் தரத்தைத் தாண்டாமல் போய்ச்சேரக்கூடியவை வெறும் 4.7 சதவீதம். தடைகளைத் தாண்டும் இடங்களாகப் பார்த்துச் சுமார் 50 கிலோமீட்டர் அளவுக்கு மட்டும் சரிசெய்தால், அது கிட்டத்தட்ட மூன்று மடங்காகும் என்று கணக்கிட்டார்கள். நம் வரைபடத்தில் புதுப் பாதைகள்தான் இருக்கின்றன. இணைப்பு ஒன்றுகூட இல்லை. எனக்கு அதுதான் ஆதங்கம்.

பெரியப்பா: சரி, எப்படி இணைப்பாய்? மேலே நடைபாலம் கட்டினால் ஏறி இறங்கவே மூச்சு வாங்கும். சுரங்கப்பாதை என்றால் தண்ணீர் நிற்கும். இருட்டினால் யாரும் நுழையமாட்டார்கள்.

அத்தான்: மேலே போவது கடினம்தான் மாமா. லாரி போக வேண்டிய உயரத்துக்கு மேல் கட்ட வேண்டும். 6 மீட்டர் ஏற வேண்டுமென்றால், 20 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறும் சரிவில் ஒவ்வொரு பக்கமும் 120 மீட்டர் சரிவுப் பாதை வரும். கீழே போனால் சைக்கிளுக்கும் ஆளுக்கும் உயரம் இருந்தால் போதும், அதனால் இறக்கம் பாதிதான். இறங்கும்போது கிடைக்கும் வேகமே ஏறவும் உதவும். நுழையும்போதே மறுமுனை தெரியும்படி நேராகவும் அகலமாகவும் இருந்தால் பயம் குறையும்.

நான்: நாம் தோண்டவே வேண்டியதில்லை. பாலத்தின் கடைசிக் கண்ணில், தூணுக்கும் கரைக்கும் நடுவில் இடம் இருக்கிறது. ஆற்றங்கரைப் பாதையை அதற்குள்ளேயே நீட்டிவிடலாம்.

பெரியப்பா: ஆற்றில் வெள்ளம் வந்தால்?

நான்: சில நாள் மூடத்தான் வேண்டும் பெரியப்பா. தாருக்குப் பதிலாகக் கான்கிரீட் போட்டால் தண்ணீர் வடிந்ததும் சேற்றைக் கழுவித் திறந்துவிடலாம். மூடும் நாட்களுக்கு மேலே சாலையில் ஒரு சிக்னல் கேட்கலாம்.

சித்தி: எல்லாம் இணைத்தபிறகு என்னை மாதிரி நடக்கிறவர்கள் எங்கே போவது? இப்போதே பின்னாலிருந்து மணிகூட அடிக்காமல் உரசிக்கொண்டு போகிறார்கள்.

அக்கா: நியாயமான கேள்வி சித்தி. இணைத்தால் கூட்டமும் கூடும். இப்போதிருக்கும் பாதை பல இடங்களில் 2 மீட்டர்தான். எதிரும் புதிருமாகச் சைக்கிளும் ஆட்களும் போக 3 மீட்டராவது வேண்டும். நெரிசலான இடத்தில் நடைபாதையைத் தனியாகவே பிரிக்க வேண்டும்.

சித்தி: விளக்கையும் எழுதுங்கள். மரவேர் தூக்கிவிட்ட இடத்தில் இருட்டில் கால் இடறுகிறது.

அத்தான்: நுழைவாயிலில் பாதைக்கு நடுவே நட்டிருக்கும் கம்பமும் ஆபத்துதான் அத்தை. முன்னால் போகிறவர் மறைத்துக்கொள்வதால் கடைசி நொடியில்தான் கண்ணில் படுகிறது.

அக்கா: ஸ்பெயினில் செவில் நகரம் 2006-07 வாக்கில் சுமார் 80 கிலோமீட்டர் பாதையை ஒன்றோடொன்று சேரும்படி ஒரே மூச்சில் போட்டது. சில ஆண்டுகளில் அங்கே சைக்கிள் ஓட்டுபவர்கள் பல மடங்கு கூடினார்கள். துண்டு துண்டாகப் போட்டிருந்தால் அது நடந்திருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அத்தான்: வழிகாட்டிப் பலகைக்கு பெல்ஜியத்தைப் பார்க்கலாம். லிம்பர்க் மாகாணத்தில் 1995-ல் பாதைகள் சந்திக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். யோசனை ஹ்யூகோ போலன் என்ற சுரங்கப் பொறியாளருடையது. எண்களை வரிசையாகக் குறித்துக்கொண்டு கிளம்பினால் போதும், புது ஊரிலும் வழி தவறாது.

பெரியப்பா: எனக்கு ஒன்று தோன்றுகிறது. ஏரிக்கு அப்பால் வயல்கள் எல்லாம் மனைகளாகிக்கொண்டிருக்கின்றன. மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும்போதே வாய்க்கால் ஓரம் ஒரு பட்டை நிலத்தைப் பாதைக்கு என்று ஒதுக்கச் சொல்ல வேண்டும். வீடு எழும்பிய பிறகு கேட்டால், நிலத்தை விலை கொடுத்து வாங்கி, வழக்கும் நடத்த வேண்டியிருக்கும்.

நான்: பெரியப்பா, இதைத்தான் முதல் பக்கத்தில் போட வேண்டும். பாலத்தடி இணைப்பு, அடுத்து இந்த ஒதுக்கீடு. அகலம், விளக்கு, கம்பம் எல்லாம் அதன்பிறகு. இன்று இரவு வரைவு போடுகிறேன்.

அக்கா: ஏரிப் பாதை வேண்டாம் என்று எழுதிவிடாதே. இணைப்பு முடிந்தபின் அதைத் தொடங்குங்கள் என்று எழுது.

நான்: சரி அக்கா.

பெரியப்பா: பாலத்துக்கு அடியில் எத்தனை மீட்டர் இருக்கிறது என்று அளந்து எழுதினால்தான் மதிப்பார்கள். மாப்பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறீர்களா? டேப் என்னிடம் இருக்கிறது.

அத்தான்: வருகிறேன் மாமா. ஆறரைக்குப் பாலத்தடியில் இருப்பேன்.