மறுமொழி: பறவைகளின் ‘எச்சரிக்கை ஒலி’: ஒரே சொல் போதுமா?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு, வணக்கம். பறவைக் குரல்களுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் பேச்சில் ஐயா எழுதியதற்கு இது என் மறுமொழி.

> அலாரம் கால், மாபிங் கால் இரண்டுக்கும் ‘எச்சரிக்கை ஒலி’ என்றே வைத்துவிடலாம். படிப்பவருக்குப் புரிந்தால் போதாதா?

ஐயா, இந்த ஒரு வரியில்தான் நான் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. அலாரம் கால் (alarm call) ஆபத்தைக் கண்டு ஒளியச் சொல்லும் குரல், மாபிங் கால் (mobbing call) எதிரியை விரட்டக் கூட்டம் கூட்டும் குரல்.

எங்கள் ஊர் அறிவியல் மையத்தில் பறவைக் குரல்களுக்கென்று ஒரு பலகை வைக்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் குரல் கேட்கும், திரையில் அதன் ஒலிவரைபடம் (குரலின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் படம்) ஓடும். தமிழ் விளக்கம் எழுதுவது என் வேலை. அதில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பொத்தான்களில்தான் சிக்கிக்கொண்டேன். இரண்டும் வட அமெரிக்காவின் சிக்கடீ என்ற சின்னப் பறவையின் குரல்கள். வேட்டைப் பறவை வானில் பறந்து வந்தால் அது ‘சீட்’ என்று மெல்லிசாக ஒலிக்கும். அதே எதிரி கிளையில் உட்கார்ந்திருந்தால் ‘சிக்-அ-டீ-டீ’ என்று உரக்கக் கத்தும். இரண்டுக்கும் கீழே ‘எச்சரிக்கை ஒலி’ என்று ஒட்டினால், பலகை எதைக் காட்ட வந்ததோ அதையே மறைத்துவிடுவோம்.

முதல் குரல் ஒளிந்துகொள்ளச் சொல்கிறது. இரண்டாவது, ‘எல்லோரும் வாங்க, இவனை விரட்டணும்’ என்கிறது. வேலை வேறு என்பதால் ஒலியின் அமைப்பும் வேறு. 1955-இல் பறவைக் குரல் ஆய்வாளர் பீட்டர் மார்லர் இதை அழகாக விளக்கினார். ஐரோப்பாவின் சிறு பறவைகள் பலவும் பருந்தினங்களைக் கண்டால் எழுப்பும் குரல் 7 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில், அதாவது மிக உயர்ந்த சுருதியில் நிற்கும். அது மெதுவாகத் தொடங்கி மெதுவாகத் தேய்ந்துவிடுவதால், எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பிடிப்பது கடினம். கூட்டம் கூட்டும் குரலோ வெடுக்கென்று தொடங்கும், திரும்பத் திரும்ப வரும், பல அதிர்வெண்களில் பரவியிருக்கும். இடத்தைக் காட்டிக்கொடுப்பதுதான் அதன் நோக்கமே. ஒலிவரைபடத்தில் முதலாவது கிடைக்கோடு போல நீளும், இரண்டாவது நெட்டுக்குத்தாகப் பட்டை பட்டையாக நிற்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைகூடப் பார்த்ததும் பிரித்துச் சொல்லிவிடும்.

இன்னொன்று. 2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், எதிரி சிறியதாகவும் வளைந்து திரும்பித் துரத்தக்கூடியதாகவும் இருந்தால் சிக்கடீ கூடுதலாக ‘டீ’ சேர்க்கிறது என்று கண்டார்கள். பெரிய கொம்பு ஆந்தையைவிடக் குட்டி ஆந்தைக்குத்தான் ‘டீ’ அதிகம், ஏனென்றால் சிக்கடீக்கு ஆபத்து குட்டி ஆந்தையால்தான். இத்தனை செய்தி சொல்லும் குரலுக்குத் தனிப்பெயர் வேண்டாமா?

சரி, பெயருக்கு வருவோம். முதலில் மாபிங்.

‘கும்பல் தாக்குதல்’ வேண்டவே வேண்டாம். அது செய்தித்தாளில் மனிதர் மனிதரை அடித்துக் கொல்வதற்கான சொல். இங்கே நடப்பது எளியவை சேர்ந்து வலியதைத் துரத்துவது. ‘முற்றுகை’ பொருந்தி வருவது போலத் தோன்றும், ஆனால் முற்றுகையிட்டவர் இடத்தை விட்டு நகரமாட்டார். கரிச்சான் காக்கையை விரட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். மேலேயிருந்து பாயும், ஒரு கொத்து, விலகும், மறுபடி பாயும். (அந்தத் துணிச்சலை நம்பித்தான் மாங்குயிலும் புறாவும் கரிச்சான் இருக்கும் மரத்திலேயே கூடு கட்டுகின்றன.) பகலில் வெளியே வந்துவிட்ட புள்ளி ஆந்தையைத் தவிட்டுக்குருவிகள் சூழ்ந்துகொள்வதும் இந்த வகைதான். அதைப் பார்த்தால் ‘மொய்க்கிறது’ என்றுதான் வாயில் வருகிறது.

ஆகவே என் பரிந்துரை: செயலுக்கு மொய்த்து விரட்டல், அந்தக் குரலுக்கு மொய்குரல்.

> மொய் என்றால் கல்யாண மொய்தான் நினைவுக்கு வரும்.

வரலாம். ஆனால் ‘ஈ மொய்க்கிறது’, ‘கூட்டம் மொய்த்தது’ என்பவையும் அன்றாடப் பேச்சுதானே? பழந்தமிழில் மொய்க்குக் கூட்டம் என்ற பொருளோடு போர் என்ற பொருளும் உண்டு. கூட்டமும் போரும் ஒரே சொல்லில் கிடைக்கும்போது அதை விட எனக்கு மனம் வரவில்லை. ‘மொய்க்குரல்’ என்று ஒற்று மிக வேண்டாம், மொய்குழல் போல மொய்குரல்.

அடுத்து, ஒளியச் சொல்லும் குரல். யாழ்ப்பாணத்து அக்கா எழுதிய பதுங்குகுரல் எனக்கு உடனே பிடித்துவிட்டது. பதுங்குகுழி என்ற சொல் இருக்கும்போது விளக்கமே தேவையில்லை. வானத்திலிருந்து வரும் ஆபத்து என்ற பொருளும் அதற்குள் இருக்கிறது. அந்தச் சொல்லை வாழ்ந்து அறிந்தவர் தந்தது என்பதால் கூடுதல் மதிப்போடு ஏற்கிறேன்.

‘கால்’ (call) என்பதற்கு ‘விளி’ நல்ல பழஞ்சொல்தான், ஆனால் பள்ளிப் பிள்ளைக்கு விளிவேற்றுமைதான் நினைவுக்கு வரும். ‘பயிர்தல்’ (அழைத்தல்) என்பதை ஒருவர் நினைவூட்டினார். சங்கப் பாட்டில் பல்லி தன் துணையைப் பயிரும். அழகுதான், ஆனால் இன்று பயிர் என்றால் வயல். ‘ஒலி’யை மரங்கொத்தி அலகால் மரத்தில் தட்டுவதற்கு வைத்துக்கொள்வோம், அது தொண்டையிலிருந்து வருவதில்லை. தொண்டையிலிருந்து வருவதெல்லாம் குரல். அப்படியானால் ‘எச்சரிக்கைக் குரல்’ இரண்டுக்கும் பொதுப்பெயராக நிற்கலாம், ஐயாவின் சொல்லும் வீணாகாது.

வெள்ளிக்கிழமை பலகை அச்சுக்குப் போகிறது. மறுப்பு இருந்தால் புதன் இரவுக்குள் எழுதுங்கள். அப்புறம், மொய்குரலைவிடப் பொருத்தமான சொல் உங்கள் ஊர்ப் பேச்சில் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், மாற்றிவிடுகிறேன்.

அன்புடன்.