கரி கலந்த மண்: சென்னையில் போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

திருவான்மியூர் மணல்காரி:

2019 ஜூன் மாதத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். புழலும் செம்பரம்பாக்கமும் வெடித்துக் கிடந்தன. எங்கள் தெருவுக்கு லாரி வந்தால் வீட்டுக்கு எட்டுக் குடம், அவ்வளவுதான். அரிசி கழுவிய தண்ணீர்தான் செடிகளுக்கு. எங்கள் வீட்டிலிருந்து கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். தோண்டினால் மணல், இன்னும் தோண்டினால் இன்னும் மணல். ஊற்றிய தண்ணீர் கண்ணெதிரே காணாமல் போகும். தொழு உரம் போட்டேன், தென்னை நார்க்கழிவு போட்டேன். நம் ஊர் வெயிலில் அதெல்லாம் சீக்கிரமே மக்கிப்போய், அடுத்த கோடையில் மறுபடி பழைய மணல்தான்.

மாடித்தோட்டம் போடும் தோழி ஒருத்திதான் பயோசார் பற்றிச் சொன்னாள். விறகையோ உமியையோ காற்று அதிகம் படாமல் சுட்டால் கிடைக்கும் கரி அது. எளிதில் மக்காது, நூறு வருடம் கழித்தும் மண்ணில் கிடக்கும். ஒவ்வொரு துண்டிலும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். தண்ணீரும் சத்தும் அவற்றில் தங்கும். பாட்டி பல் தேய்த்த உமிக்கரிக்கு இப்படி ஒரு பெயரா என்று நினைத்துக்கொண்டேன்.

தெருமுனையில் இஸ்திரி போடும் அண்ணனிடம், அவர் சலித்து ஒதுக்கும் கரித்தூள் ஒரு மூட்டை கிடைத்தது. அப்படியே கத்தரிப் பாத்தியில் கொட்டிக் கிளறிவிட்டேன். மூன்றே வாரத்தில் இலையெல்லாம் மஞ்சள். "எல்லாரும் மூஞ்சியில கரியைப் பூசுவாங்க, நீ மண்ணுக்கே பூசிட்டியேம்மா" என்றார் மாமியார்.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. வெறுங்கரி காலிச் சத்திரம் மாதிரி. மண்ணிலிருக்கிற தழைச்சத்தை முதலில் அதுவே இழுத்து உள்ளே வைத்துக்கொள்ளும், செடி பட்டினி. அடுத்த தடவை டிரம்மில் கரியும் மண்புழு உரமும் சரிபாதி போட்டு, சாணமும் கோமியமும் வெல்லமும் புளிக்க வைத்த ஜீவாமிர்தம் தெளித்து, ஈரச் சாக்கால் மூடி மூன்று வாரம் ஊறவைத்தேன். கரி மட்டும் பார்த்தால் மண்ணில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் கலந்தேன். அந்தப் பாத்திக்குக் கோடையில் இருவேளைக்குப் பதில் ஒருவேளைத் தண்ணீர் போதுமாயிருந்தது. பக்கத்திலேயே கரியில்லாத பாத்தி இருந்ததால் அடித்துச் சொல்கிறேன். உங்கள் பக்கம் எப்படி?

கொளத்தூர் மாடி:

அக்கா, உங்களுக்குத் தண்ணீர்க் கவலை, எனக்குப் பாரக் கவலை. ஈரமான செம்மண் கன மீட்டருக்கு ஒன்றரை டன்னைத் தாண்டும். எங்கள் மாடிக்கு வயது முப்பது. கரியும் நார்க்கழிவும் கலந்து மண்ணைக் குறைத்த பிறகுதான் தொட்டியை நகர்த்த முதுகு சம்மதிக்கிறது.

ஆனால் நான் செய்த தப்பு வேறு. கொட்டாங்குச்சியைத் தகர டின்னில் போட்டு நானே சுட்டேன். முதல் தடவை புகை கிளம்பி, போகிக்கு இன்னும் நாளிருக்கே என்று கீழ்வீட்டுக்காரர் மேலேறி வந்துவிட்டார். அவசரத்தில் டின்னைத் திறந்து வைத்ததில் பாதி சாம்பலானது. அதையும் வீணாக்குவானேன் என்று சேர்த்துக் கலந்தேன். எங்கள் போர் தண்ணீரே உப்பும் காரமுமானது (மிளகாய்க் காரமில்லை, அமிலத்துக்கு எதிரான காரம்). சாம்பலும் காரம். வெண்டைக்காய் பிழைத்தது, செம்பருத்தியின் தளிரெல்லாம் வெளுத்துப்போனது. கரி வேறு, சாம்பல் வேறு என்று அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது. கரியிலும் கொஞ்சம் காரம் உண்டு. அதனால் போர் தண்ணீர்க்காரர்கள் அளவாகப் போடுங்கள், மழைநீரில் ஒருமுறை நன்றாக அலசிப் போட்டால் இன்னும் நல்லது.

நன்றாக வெந்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கரியைக் கையில் தேய்த்து வெறும் தண்ணீரில் கழுவுங்கள். போய்விட்டால் சரி. சோப்பு கேட்டால் உள்ளே இன்னும் தார் இருக்கிறது.

செடி வைத்துப் பிழைப்பவன்:

நான் தோட்டம் அமைத்துத் தருகிறவன். பெரும்பாலும் ஓஎம்ஆர் பக்கத்து அடுக்குமாடிகள். அங்கே மண் என்று சொல்வதே தப்பு. கட்டட இடிபாட்டைக் கொட்டி, ரோலர் ஓட்டி, மேலே அரையடி செம்மண் பரப்பி, மெக்சிகன் புல் விரித்துவிடுவார்கள். சாவி கொடுக்கும் நாளில் பச்சைப்பசேல். ஆறு மாதத்தில் புல்லுக்கென்றே தனி டேங்கர் வரும்.

வர்தா புயல் வந்த 2016 டிசம்பர் 12 எனக்குப் பெரிய பாடம். சாய்ந்து கிடந்த மரங்களை மறுநாள் நின்று பார்த்தேன். பல குல்மோகர்களுக்கு வேர் தட்டுப்போல விரிந்திருந்ததே தவிர, ஆழம் போகவில்லை. சுற்றிலும் சிமென்ட், கீழே இறுகிய மண், வேர் எங்கே போகும்?

ஸ்டாக்ஹோம் நகரில் இதற்கு ஒரு வேலை செய்கிறார்கள். நடைபாதைக்கு அடியில் பெரிய ஜல்லியைப் போட்டு, இடைவெளியில் உரமேற்றிய கரியை இறக்குகிறார்கள். மேலிருக்கும் பாரத்தை ஜல்லி தாங்கும், காற்றும் மழைநீரும் வேருக்கு இறங்கும். வீட்டுத் தோட்டக் கழிவைக் கரியாக்க 2017இல் ஆலையே திறந்தார்கள். அதில் வரும் வெப்பம் நகரத்து வீடுகளைச் சூடாக்கப் பயன்படுகிறது. சூடு நமக்கு எதற்கு, அந்த ஜல்லிக் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஒரு குடியிருப்பில் ஒன்பது மரக்குழி. ஆறில் ஜல்லியும் ஊறவைத்த கரியும், மூன்றில் வழக்கமான செம்மண். எல்லாவற்றிலும் பூவரசும் புங்கமும்தான். மொட்டை மாடி மழைநீர்க் குழாயை ஜல்லி போட்ட குழிகளுக்குத் திருப்பினேன். அதற்கு மட்டும் குடியிருப்போர் சங்கத்தோடு நாலு கூட்டம்! முதல் வருடம் ஒரு வித்தியாசமும் இல்லை, செயலாளர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. இரண்டாவது கோடையில் செம்மண் குழி மரங்கள் மூன்றும் இலை உதிர்த்து நின்றன, மற்றவை நிழல் கொடுத்தன. ஒன்பது மரத்தை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது, தண்ணீர்க் குழாயின் புண்ணியமும் இருக்கலாம். நான் மட்டும் இப்போது வேறு மாதிரி குழி போடுவதில்லை.

கரிக்கு எங்கும் அலைய வேண்டாம். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் சீமைக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போடுகிறார்கள். அந்தக் கரி தாராளமாகச் சந்தைக்கு வருகிறது. உடைந்த பொடியாகக் கேளுங்கள், விலை குறையும்.

வேளச்சேரி களிமண்:

எல்லாரும் புகழ்வதால் நான் ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்குப் பலனே தெரியவில்லை. இங்கே களிமண், தண்ணீர் நிற்காதது பிரச்சினையில்லை, போகாததுதான் பிரச்சினை. முறைப்படி ஊறவைத்துத்தான் போட்டேன். ஐப்பசி மழையில் பாத்தி குளமாகி, மல்லிகை வேர் அழுகியது. பாத்தியை ஒரு அடி உயர்த்தி, இலைச்சருகு மக்கைக் கொட்டிய பிறகே தேறியது. கரியில் குற்றமில்லை, எனக்கு அது தேவைப்படவில்லை. மணல்காரர்கள் சொன்னார்கள் என்று களிமண்காரர்கள் மூட்டை வாங்காதீர்கள்.

புதுசு:

பார்பிக்யூவுக்கு விற்கும் கரிக்கட்டி வீட்டில் நிறைய இருக்கிறது. இடித்துப் போடலாமா?

கொளத்தூர் மாடி:

வேண்டாங்க. அச்சில் வார்த்த கட்டியென்றால் ஒட்டுவதற்கு என்னென்னவோ சேர்த்திருப்பார்கள். வெறும் மரக்கரி என்றால் சரி. இடிக்கும் முன் நனைத்துவிடுங்கள், அந்தத் தூள் நெஞ்சுக்கு ஆகாது. நான் ஈரச் சாக்கில் கட்டி வாசலில் போட்டு, ஸ்கூட்டரை நாலு தடவை ஏற்றி இறக்குவேன். பட்டாணி அளவுக்கு உடைந்தால் போதும்.

திருவான்மியூர் மணல்காரி:

வேளச்சேரிக்காரர் சொன்னதைக் குறித்துக்கொண்டேன், தங்கை வீடு அந்தப் பக்கம்தான். அவளுக்கு ஒரு மூட்டை அனுப்ப இருந்தேன்.

எனக்கு இப்போது வேறு பஞ்சாயத்து. இத்தனை நாள் சும்மா கொடுத்த கரித்தூளுக்கு இஸ்திரி அண்ணன் காசு கேட்கிறார். மூட்டைக்கு ஒரு கிலோ கத்தரிக்காய் என்று பேசி வைத்திருக்கிறேன். இந்த வாரம் அரைக் கிலோ பாக்கி.