புதுப்பிப்பு: ரோபோ லோடிங், சக்கில் பீஸ் சாய்வது ஏன்

சிஎன்சி லேத்தின் (கணினி இயக்கும் கடைசல் இயந்திரம்) சக்கில், அதாவது பீஸைப் பிடித்துச் சுழற்றும் பாகத்தில், ஆறு அச்சு ரோபோ பீஸ் (கடையும் உலோகத் துண்டு) மாற்றும் செல் பற்றிய முந்தைய பதிவில் ஒரு கேள்வி பாக்கி: சில பீஸ்களின் முகம் மட்டும் ஏன் கோணலாக வருகிறது? காரணம் ரோபோ இல்லை, சிப், அதாவது கடையும்போது சீவி வரும் உலோகத் துணுக்கு. பீஸ் முட்டி நிற்கும் ஸ்டாப்பரில் ஒட்டிய 0.1 மி.மீ. சிப் ஒன்றே போதும், பீஸ் சாய்ந்துவிடும்.

இப்போது முடிந்த பீஸை எடுத்ததும் சக்கின் பிடி தாடைகளான ஜாக்களிலும் ஸ்டாப்பரிலும் 2 விநாடி காற்று அடிக்கிறது. பிறகு ரோபோவின் ரிஸ்ட் (மணிக்கட்டு) திரும்பி, ஸ்பிரிங் பிளேட்டால் புது பீஸை ஸ்டாப்பரோடு அழுத்துகிறது. இதில் முக்கியமானது, ரோபோ கையின் பிடிப்பானான கிரிப்பரின் விரல்கள் முதலில் விட வேண்டும், அழுத்தம் தொடரும்போதே சக் பிடிக்க வேண்டும். கிரிப்பரும் சக்கும் ஒரே நேரத்தில் இறுக்கிப் பிடித்தால் பீஸை ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். ரோபோவில் ஓவர்லோட் அலாரம் வரும். சக் இறுகியதைச் சொல்லும் பிரஷர் சுவிட்ச் சிக்னல் வராமல் கை வெளியே வரக் கூடாது.

ஆளில்லா இரவு ஷிப்டுக்கு ஸ்டாப்பரில் சிறு துளை போட்டு, காற்றழுத்தத்தால் பீஸ் உட்கார்ந்ததை உறுதிசெய்யும் ஏர் சீட் செக் கட்டாயம் வேண்டும். சுழலும் சக்குக்குக் காற்று கொண்டுபோக ரோட்டரி யூனியன் (சுழலும் குழாய் இணைப்பு) தேவை, செலவுதான்.

எடைக் கணக்கு: முடிந்தது, புதியது என பீஸ் 1.8 கிலோ வீதம் இரண்டு, இரட்டை கிரிப்பர் 4 கிலோ, மொத்தம் 7.6 கிலோ. ஆகவே 7 கிலோ தூக்கும் ரோபோ பத்தாது.

நீளமாகச் சுருளும் சிப்பைக் காற்று தள்ளாது. அதற்கு இன்சர்ட்டின் (வெட்டு முனை) சிப்பை உடைக்கும் பள்ளமான சிப் பிரேக்கரையும், ஃபீடையும் (சுற்றுக்கு முனை நகரும் அளவு)தான் மாற்ற வேண்டும்.