பழைய பாய்மரப் படகு வாங்கி ரோட்டில் கொண்டு வந்தவர்கள், ஆர்.டி.ஓ., இன்சூரன்ஸ் என்று அலைந்தவர்கள்: உங்கள் அனுபவம்?

தடா_தாண்டி
ஹைதராபாத்தில் ஒரு பழைய லேசர் (ஒருவர் ஓட்டும் சின்னப் பந்தயப் பாய்மரப் படகு) கிடைத்தது. விலைக் கதையை விடுங்கள். விற்றவர் பட்டறையில் அடித்து வைத்திருந்த டிரெய்லரையும் சேர்த்துக் கொடுத்தார். நெல்லூர் வரை யாரும் கேட்கவில்லை. சூளூர்ப்பேட்டை பக்கத்தில் ஒரு அதிகாரி கை காட்டினார். கார் ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் சரி. அப்புறம் படகை விட்டுவிட்டு டிரெய்லரின் பின்பக்கம் போய்க் குனிந்தார். அங்கே என் கார் நம்பரையே பெயின்டில் எழுதியிருந்தது. அதை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "ஒரே நம்பர்ல ரெண்டு வண்டியா?" என்றார். எப்படியோ அனுப்பிவிட்டார். ஆனால் அந்தக் கேள்வி இன்னும் குடைகிறது. இழுக்கிற வண்டியின் நம்பரைத்தானே எழுத வேண்டும்?

அடையாறு_அலை
இல்லை சார், அவர் கேட்டது நியாயம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் மோட்டார் வாகனம் என்றால் டிரெய்லரும் அதில் அடக்கம். அதற்குத் தனி நம்பர், தனி ஆர்.சி. வேண்டும். டிராக்டர் பின்னால் போகிற டிரெய்லரைக் கவனித்துப் பாருங்கள், வேறு நம்பர் இருக்கும். இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் நான் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு, "டிராக்டர் ஆர்.சி. எங்கே?" என்றார். டிராக்டர் இல்லை, கார் என்றேன். "ஏத்துறது நெல்லா, கல்லா?" படகு என்றதும் பக்கத்து நாற்காலிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்தார்கள். விண்ணப்பம் என் கைக்கே திரும்பி வந்தது.

கொடிமரம்
டிரெய்லரே வேண்டாம் என்கிறேன். லேசர் வெறும் 59 கிலோ, இரண்டு பேர் தூக்கி வைத்துவிடலாம். பாய் கட்டும் கம்பமான மாஸ்ட்டும் இரண்டு துண்டாகக் கழன்றுவிடும். என்னுடையது என்டர்பிரைஸ் என்கிற இன்னொரு வகைப் படகு, அதில் மாஸ்ட் ஒரே நீளம். குட்டியானையில் ஏற்றி, நுனியில் சிவப்புத் துணி கட்டி, ராஜாஜி சாலையில் வந்துகொண்டிருந்தோம். டிராஃபிக் போலீஸ்காரர் நிறுத்தி, மாஸ்ட்டை அடியிலிருந்து நுனி வரை பார்த்துவிட்டு, "எந்தக் கட்சி? எங்கே மீட்டிங்?" என்றார். கொடிக்கம்பம் என்றே முடிவு கட்டிவிட்டார். கூட வந்த நண்பன் வாய் சும்மா இருக்காமல் ஒரு கட்சிப் பெயரைச் சொல்லித் தொலைத்தான். அதற்கப்புறம் நடந்ததை இங்கே எழுத முடியாது.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். குட்டியானையின் பாடி ஏழடிதான், பாதிப் படகு வெளியே தொங்கும். 14 அடி பாடி வண்டி கேளுங்கள். லேசரின் நீளம் 4.2 மீட்டர், அளவெடுத்த மாதிரி உட்காரும். அடியில் பழைய மெத்தை போடுங்கள். ராட்செட் பெல்ட்டைப் பலம் கொண்ட மட்டும் இறுக்கினால் பைபர் நசுங்கும்.

காசிமேட்டுக்காரன்
எல்லாரும் ரோட்டிலேயே நிற்கிறீர்கள். படகுக்கு யாரிடம் பதிவு? மீன்பிடிப் படகுகளுக்கு ஐ.என்.டி. – டி.என். என்று தொடங்கும் எண் தருகிறார்களே என்று அந்த அலுவலகத்துக்கே போனேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். என்ன வலை என்று கேட்டார்கள். வலை இல்லை, சும்மா ஓட்ட என்றேன். போட்டோவைக் காட்டினேன். பாயில் பெரிய எழுத்தில் ஐ.என்.டி., அதன் பக்கத்தில் எண். நம் நாட்டுப் பந்தயப் படகுகள் பலவற்றின் பாயில் அப்படித்தான் இருக்கும். அதைப் பார்த்தவர், "ஏற்கெனவே ஐ.என்.டி. நம்பர் போட்டிருக்கே, மறுபடி எதுக்கு?" என்று போட்டோவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எப்படி விளக்குவது?

அடையாறு_அலை
மீன்பிடிப் படகு என்று பதிவு செய்யப் போனதே தப்பு அண்ணே. பந்தய டிங்கிக்கு (சின்னப் படகுக்கு) பாய் எண், ஹல் (படகின் உடல்) எண், விற்றவர் கையெழுத்துப் போட்ட ரசீது, இதுதான் ஜாதகம். ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பில் யாரையாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

காசிமேட்டுக்காரன்
கிளப் இருப்பது துறைமுகத்துக்கு உள்ளே. கேட்டில் சி.ஐ.எஸ்.எஃப். பாஸ் கேட்பார்கள் தம்பி. சும்மா போய் விசாரித்துவிட்டு வர அது பெட்டிக்கடை இல்லை.

வர்தா2016
ரசீது மட்டும் போதாது. 2016 டிசம்பர் 12, வர்தா புயல். டிராலியில் கட்டி வைத்திருந்த படகைக் காற்று அப்படியே புரட்டிப் போட்டது, மாஸ்ட் வில்லாக வளைந்துவிட்டது. பாலிசி உயிரோடுதான் இருந்தது, ஆனால் பழைய ஓனர் பெயரில். இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார். மாஸ்ட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பாலிசியைப் படித்தார், பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார், "இந்தப் பேர்ல இருக்கறவரை வரச் சொல்லுங்க" என்றார். அவர் அதற்குள் கனடாவில் செட்டில் ஆகிவிட்டார்.

கார் கை மாறினால் மூன்றாம் நபர் காப்பீடு புது ஓனருக்குத் தானாக வந்துவிடும். படகுக்கு 1963 கடல்சார் காப்பீட்டுச் சட்டம். அங்கே பொருளை விற்றால் பாலிசியும் கூடவே போகாது, தனியாக எழுதி மாற்ற வேண்டும். பணம் கொடுக்கிற அன்றே அந்தக் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள். யாட் பாலிசிகளில் இன்னொன்றும் வழக்கம்: விரித்த பாய் காற்றில் கிழிந்தால் தர மாட்டார்கள். பந்தயத்தில் மாஸ்ட் உடைந்தாலும், அதற்கென்று தனி பிரீமியம் கட்டியிருந்தால்தான்.

உப்புக்காற்று
நானும் ஒரு பழைய லேசர் வாங்கினேன், கோவளம் பக்கம் ஓட்டுகிறேன், பிரச்சினை இல்லை. ஆனால் இங்கே யாருமே முக்கியமானதைச் சொல்லவில்லை. வாங்கும் முன் மாஸ்ட் நிற்கிற குழியில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் தண்ணீர் ஹல்லுக்குள் போகிறது என்று அர்த்தம். அந்த இடம் ஒரு நாள் நடுக்கடலில் பிளக்கும். அப்புறம் எடை போடுங்கள். 59 கிலோவுக்கு மேல் நிறையக் காட்டினால் உள்ளே ஈரம் ஊறியிருக்கிறது. டிரெய்லர் வைத்திருப்பவர்கள் அதைக் கடல் தண்ணீரில் இறக்கவே இறக்காதீர்கள். ஓடி வந்த சூட்டோடு சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப் தண்ணீரில் முங்கினால் உள்ளே இருக்கிற காற்று சுருங்கி உப்புத்தண்ணீரை உறிஞ்சும், பேரிங் காலி. கரையில் தள்ள ஒரு கைவண்டி போதும். பைபர் ஒட்டுக்குக் காசிமேட்டுப் பசங்களை விட நல்ல கை எங்கே இருக்கிறது? ரெசின் கலக்கும்போது மட்டும் பக்கத்திலேயே நில்லுங்கள்.

தடா_தாண்டி
தண்ணீர் சோதனையை நாளைக்கே செய்கிறேன். வர்தா சார், இப்போது எந்தக் கம்பெனியில் பாலிசி எடுத்திருக்கிறீர்கள்? நான் போன இடத்தில் படகு என்றதும் ஏஜென்ட் போனை வைத்துவிட்டார்.