ரிசீவர், ஸ்பீக்கர், சப்வூஃபர்: 16×12 அடி அறைக்கு எதில் காசு போடுவது?

திரையருகே:

வணக்கம். டிவிடி பிளேயரும் ஆம்ப்ளிஃபயரும் ஒன்றாக வந்த பழைய 5.1 செட்டை (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) மாற்றிவிட்டு, தனி ஏ.வி. ரிசீவரும் (படம், ஒலி இரண்டையும் வாங்கி ஸ்பீக்கர்களை ஓட்டும் பெட்டி) தனி ஸ்பீக்கர்களும் வாங்கப் போகிறேன். அறை 16 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம். டிவி 12 அடிச் சுவரில் இருக்கிறது. சோபா இப்போது எதிர்ச்சுவரை ஒட்டிக் கிடக்கிறது, முன்னால் இழுக்க இடம் உண்டு. டிவி 65 அங்குலம், 4கே, இ-ஆர்க் (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கம்பி வழியே ரிசீவருக்கு அனுப்புவது) வசதி உள்ளது. 120 ஹெர்ட்ஸ் தரும் கேம் கன்சோல் ஒன்று, ப்ளூ-ரே பிளேயர் ஒன்று. மற்றவை டிவி ஆப்கள். முக்கால் பங்கு படம், கால் பங்கு பாட்டு.

ஒரு ரிசீவரில் 80 வாட் என்றும் இன்னொன்றில் 100 வாட் என்றும் போட்டிருக்கிறது. விலை உயர்ந்ததை எடுத்தால் ஸ்பீக்கரில் குறைக்க வேண்டிவரும். 7.1 (பின்னால் கூடுதலாக இரண்டு ஸ்பீக்கர்) போடுவதா, 5.1.2 (மேலே கூடுதலாக இரண்டு) போடுவதா? பழைய செட்டின் சரவுண்ட் (பக்கவாட்டு) ஸ்பீக்கர்களையும் சப்பையும் (சப்வூஃபர்) இப்போதைக்கு வைத்துக்கொள்ளலாமா?

செப்புக்கம்பி:

80-க்கும் 100-க்கும் உள்ள வித்தியாசம் ஒரு டெசிபெல். காதுக்கு அநேகமாகத் தெரியாது. அதற்காக ஸ்பீக்கரில் கை வைக்காதீர்கள்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெளிவாகிவிடும். 87 டெசிபெல் சென்சிட்டிவிட்டி உள்ள 8 ஓம் ஸ்பீக்கர் ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபெல் தரும். 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் சுமார் 9.5 டெசிபெல் குறைந்து 77.5 ஆகிவிடும். தியேட்டர் ரெஃபரன்ஸ் அளவில் ஒரு சேனலின் உச்சம் 105 டெசிபெல். வீட்டில் அந்த அளவில் கேட்பவர்கள் மிகக் குறைவு. ரிசீவர் வால்யூமை ரெஃபரன்ஸுக்கு 10 டெசிபெல் கீழே, அதாவது மைனஸ் 10-இல் வைத்தாலே நல்ல சத்தம், அப்போது உச்சம் 95. இடைவெளி 17.5 டெசிபெல், அதற்குத் தேவை ஏறத்தாழ 56 வாட். சுவர்களின் எதிரொலியும் ஓரளவு கைகொடுக்கும் என்பதால் நிஜத்தில் இன்னும் குறைவுதான். இதே இடத்தில் 90 டெசிபெல் ஸ்பீக்கர் வைத்தால் 28 வாட் போதும். அதாவது 3 டெசிபெல் கூடுதல் சென்சிட்டிவிட்டி, ஆம்ப்ளிஃபயரை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். பாஸ் (தாழ்ந்த ஒலி) முழுவதும் தனி மின்சாரத்தில் ஓடும் சப்புக்குப் போய்விட்டால் ரிசீவரின் பாரம் மேலும் இறங்கும்.

வாட் எண்ணைப் படிக்கும்போது பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 2 சேனல், 0.08% டிஸ்டார்ஷன்" என்றால் அது நம்பத்தக்க அளவு. "6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 1 சேனல், 10% டிஸ்டார்ஷன்" என்று இருந்தால் அதே பெட்டிக்கே எண் ஏகத்துக்கும் ஊதிக் காட்டும். இரண்டு ரிசீவர்களை ஒப்பிடும்போது முதல் வகை எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பீக்கரில் முதல் கவனம் சென்டருக்கு, அதாவது திரைக்கு நடுவே வைக்கும் ஸ்பீக்கருக்கு. படத்தின் வசனம் பெரும்பாலும் அதில்தான் வருகிறது. இடது, வலது, சென்டர் மூன்றும் ஒரே தயாரிப்பாளரின் ஒரே வரிசையில் இருக்கட்டும். இல்லையென்றால் ஒரு வாகனம் திரையைக் கடக்கும்போது நடுவில் அதன் குரலே மாறும். இரண்டு வூஃபர்களுக்கு (தாழ்ந்த ஒலி தரும் கூம்பு) நடுவே ஒரு ட்வீட்டர் (உயர் ஒலி தருவது) படுத்திருக்கும் சாதாரண சென்டரில் ஒரு குறை உண்டு. ஓரத்தில் உட்கார்ந்தவருக்கு இரண்டு வூஃபர்களின் ஒலியும் வெவ்வேறு நேரத்தில் வந்து ஒன்றையொன்று தின்றுவிடும்; வசனம் மங்கும். ட்வீட்டரும் மிட்ரேஞ்சும் (நடு ஒலி தருவது) ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் மூன்று வழி சென்டர் கிடைத்தால் அதையே எடுங்கள். டிவிக்குக் கீழே வைப்பதானால் முன்விளிம்பில் ரப்பர் ஆப்பு கொடுத்து ட்வீட்டர் காதைப் பார்க்கும்படி சாய்த்து வையுங்கள். அலமாரிக்குள் தள்ளி வைத்தால் குரல் பீப்பாய்க்குள்ளிருந்து பேசுவதுபோல இருக்கும். முகப்பு பலகை விளிம்போடு சமமாகவோ சற்று வெளியிலோ நிற்க வேண்டும்.

டவர் (தரையில் நிற்கும் உயரமான ஸ்பீக்கர்) தேவையில்லை. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழான பாஸை வெட்டி சப்புக்கு அனுப்பப் போகிறீர்கள், சிறிய பெட்டியான நல்ல 6.5 அங்குல புக்ஷெல்ஃப் போதும். மிச்சமாகும் தொகை சப்புக்குப் போகட்டும்.

பழைய செட்டைப் பொறுத்தவரை: அந்த ஸ்பீக்கர்கள் பலவும் 3 அல்லது 4 ஓம். பின்பக்கத் தாளைப் பாருங்கள். புதிய ரிசீவரின் குறைந்தபட்ச ஓம் அளவுக்குக் கீழே இருந்தால் இணைக்காதீர்கள், புரொடெக்‌ஷனில் போய், தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணையும். சப் சாதாரணமாக பாஸிவ் வகையாக இருக்கும், அதற்குள் ஆம்ப்ளிஃபயர் கிடையாது. ரிசீவரின் சப் அவுட் வெறும் சிக்னல் மட்டுமே தரும், அதனால் அதை ஓட்ட முடியாது.

நடுவரிசை:

மேலே சொன்னதில் பெரும்பகுதி சரி, ஆனா வாங்குறதுக்கு முன்னாடி சோபாவை நகர்த்துங்க. காசு செலவில்லாம கிடைக்கிற மிகப் பெரிய மாற்றம் அதுதான்.

16 அடின்னா 4.88 மீட்டர். அந்த நீளத்துல முதல் ரெசொனன்ஸ் (அறை தானே ஒலியைப் பெருக்குற அதிர்வெண்) 35 ஹெர்ட்ஸ், அடுத்தது 70. சுவரை ஒட்டி உட்கார்ந்தா இரண்டுமே உச்சத்துல கேட்கும், பாஸ் ஊதிப்போய் "பூம் பூம்"னு வரும். சரி, நடுவுல உட்காரலாம்னு 8 அடிக்கு வந்தா 35 ஹெர்ட்ஸ் காணாமப் போயிடும். 12 அடியில 70 காணாமப் போயிடும். ஈக்வலைசர் எவ்வளவு ஏத்தினாலும் இந்தப் பள்ளம் நிரம்பாது, சப்தான் திணறும். அதனால டிவி சுவர்ல இருந்து காது 10 அடி தூரத்துல இருக்கட்டும். பின்னாடி 6 அடி கிடைக்குது, சரவுண்டுக்கும் அதுதான் நல்லது.

7.1 வேண்டாம், 5.1.2 போடுங்க. பின் ஸ்பீக்கர் இரண்டைவிட மேலே இருந்து வர்ற இரண்டு இந்த அறைக்குக் கூடுதலா தரும். 10 அடி சீலிங் தட்டையா இருந்தா மேல்நோக்கி எதிரொலிக்கிற வகையும் வேலை செய்யும், ஆனா சீலிங்கிலேயே பொருத்துறது எப்பவும் தெளிவு. காதுக்கு நேர் மேலே வேண்டாம், ஒன்று முதல் ஒன்றரை அடி முன்னாடி. முன் ஸ்பீக்கர் இரண்டுக்கும் இடையில 8 முதல் 9 அடி. சரவுண்ட் இரண்டும் காதுக்குப் பக்கவாட்டுல இருந்து லேசாப் பின்தள்ளி, நடுக்கோட்டுல இருந்து 110 டிகிரியில. காது உயரத்துக்கு ஓரடி மேலே.

சப் விஷயத்துல நான் இன்னும் பிடிவாதம். ஒரு பெரிய சப்புக்குப் பதிலா ஒரே மாடல்ல இரண்டு எடுங்க. ஒண்ணு முன்சுவர் நடுவுல, இன்னொண்ணு பின்சுவர் நடுவுல. இரண்டும் சேர்ந்து நீளவாட்டு 35 ஹெர்ட்ஸையும் அகலவாட்டு 47 ஹெர்ட்ஸையும் தூண்டவே விடாது. ஒவ்வொரு இருக்கையிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி பாஸ் கேட்கும். ஒரே ஆளுக்கு மட்டும்னா ஒண்ணே போதும்.

ஒண்ணு மட்டும் வாங்கினா இடத்தை இப்படித் தேடுங்க: சப்பை உங்க இருக்கையில தூக்கி வைங்க, 30-ல இருந்து 80 ஹெர்ட்ஸ் வரைக்கும் மெதுவா ஏறுற டோனை ஓட்டுங்க, சுவரோரமா குனிஞ்சு தரை மட்டத்துல காதை வெச்சுக் கேட்டுக்கிட்டே போங்க. எந்த இடத்துல எல்லா ஸ்வரமும் ஏறக்குறைய சமமாக் கேட்குதோ அங்கே சப் போகணும். மூலையில சத்தம் அதிகமா இருக்கும், அதை நம்பி அங்கே வெச்சுடாதீங்க.

அலைவாய்:

கனெக்‌ஷன் பக்கம் மட்டும் சொல்கிறேன், இங்கேதான் வீண்செலவு அதிகம்.

கன்சோலுக்காக 4கே 120 ஹெர்ட்ஸ் கடத்தும் விலை உயர்ந்த ரிசீவர் தேவையில்லை. கன்சோலை டிவியின் 120 ஹெர்ட்ஸ் இன்புட்டில் நேராகச் செருகுங்கள். ஒலி இ-ஆர்க் வழியாக ரிசீவருக்கு வந்துவிடும். பழைய ஆர்க் டால்பி டிஜிட்டல் பிளஸ் வரை கடத்தும், ஆப்களின் அட்மாஸ் (மேலிருந்தும் ஒலி வரும் வடிவம்) அதில்தான் வருகிறது. ப்ளூ-ரேயின் இழப்பில்லாத ட்ரூஎச்டி ஒலிக்கு இ-ஆர்க் வேண்டும். இருந்தாலும் பிளேயரை டிவியில் செருகாமல் ரிசீவரில் செருகுங்கள். சில டிவிகள் டிடிஎஸ் என்ற இன்னொரு வகை ஒலியைக் கடத்தாது. ரிசீவர் வாங்கும்போது இ-ஆர்க் இருக்கிறதா என்பதையும் இரண்டு சப் அவுட் இருக்கிறதா என்பதையும் மட்டும் உறுதிப்படுத்துங்கள். ப்ரீ-அவுட் (பெருக்காத சிக்னல் தரும் துளை) இருந்தால் நாளை தனி ஆம்ப் சேர்க்கலாம்.

டிவி மெனுவில் டிஜிட்டல் அவுட்டைப் பாஸ்த்ரூ (ஒலியை மாற்றாமல் கடத்துவது) ஆக்கி, இ-ஆர்க்கை ஆன் செய்ய வேண்டும். பிளேயரில் பிட்ஸ்ட்ரீம் தேர்ந்தெடுங்கள்; ஒலி பிரிக்கப்படாமல் ரிசீவருக்குப் போகும். அதே மெனுவில் "செகண்டரி ஆடியோ" என்று ஒன்று இருக்கும், அதை அணைக்கவும். அது ஓடினால் பிளேயரே ஒலியைக் கலந்து அனுப்பும், ரிசீவரின் முகப்பில் அட்மாஸ் என்று வரவே வராது.

ஸ்பீக்கர் ஒயர்: சரவுண்டுக்கு 10 மீட்டர் ஓட்டம் என்று வைத்தால் போக்கும் வரத்துமாக 20 மீட்டர் செம்பு. 1.5 சதுர மிமீ ஒயரில் 0.23 ஓம். ஸ்பீக்கர் ஓமில் 5 சதவீதத்துக்குள் இருந்தால் போதும்; 8 ஓமுக்கு 0.4 வரை அனுமதி. 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் வரம்பு 0.2, அங்கே 2.5 சதுர மிமீ எடுக்க வேண்டும். சி.சி.ஏ. என்று எழுதியது அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு. எதிர்ப்பு கூடுதல், திருகும்போது நரம்பும் (உள்ளிருக்கும் மெல்லிய இழை) ஒடியும். வேண்டாம்.

டெர்மினலில் ஒரே ஒரு நரம்பு பிரிந்து பக்கத்துக் கம்பியைத் தொட்டாலும் ரிசீவர் புரொடெக்‌ஷனில் அணையும். ஒயர் முனையில் பனானா பிளக் போட்டுவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. ரிசீவரின் தலைக்கு மேல் குறைந்தது 6 அங்குலம் காற்றோட்டம் விடுங்கள், அதன் மேல் எதையும் அடுக்காதீர்கள்.

இன்னொன்று: மெனுவில் ஓம் அளவைக் குறைக்கும் அமைப்பு இருந்தாலும் 8 ஓமிலேயே விடுங்கள். அதைக் குறைத்தால் ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் மின்னழுத்தம்தான் குறைகிறது, பலம் போய்விடும்.

திரையருகே:

ரொம்ப நன்றி. 5.1.2, மூன்று வழி சென்டர், புக்ஷெல்ஃப், இரண்டு சப் என்று முடிவு செய்துவிட்டேன். கடைசியாக ஒன்று: மைக் வைத்துச் செய்யும் ஆட்டோ காலிபரேஷனை அப்படியே நம்பலாமா?

செப்புக்கம்பி:

பாதி நம்பலாம். முதலில் ஒழுங்காக ஓட்டுங்கள். ஏசி, மின்விசிறி எல்லாம் நிறுத்திவிட்டு, மைக்கை முக்காலியில் காது உயரத்தில் நிறுத்துங்கள். சோபா முதுகின் மேல் வைத்தால் மெத்தை எதிரொலி சேர்ந்து உயர் ஸ்வரங்கள் கெடும். முதல் அளவு நீங்கள் உட்காரும் நடு இருக்கையில். தூரத்தையும் சத்தத்தையும் அதை வைத்துத்தான் ரிசீவர் கணக்கிடுகிறது. மற்ற அளவுகளை அதைச் சுற்றி இரண்டடிக்குள் எடுங்கள். ஆறேழு அடி தள்ளிப் போய் எடுத்தால் யாருக்கும் பொருந்தாத சராசரி கிடைக்கும்.

தொடங்கும் முன் சப்பின் பின்பக்கம்: கிராஸ்ஓவர் (பாஸை வெட்டும் எல்லை) குமிழ் முழுதும் மேலே அல்லது எல்.எஃப்.இ. (படத்தின் தனிப் பாஸ் சேனல்) நிலையில், ஃபேஸ் 0, வால்யூம் பாதிக்குச் சற்றுக் கீழே. இரண்டு சப்பிலும் ஒரே இடத்தில்.

முடிந்ததும் நீங்கள் திருத்த வேண்டியவை உண்டு. முன் ஸ்பீக்கர்களை "லார்ஜ்" (பாஸையும் தானே தாங்கும்) என்று அது முடிவு செய்திருந்தால் "ஸ்மால்" ஆக்கி 80 ஹெர்ட்ஸ் கொடுங்கள். சீலிங் ஸ்பீக்கருக்கு 100 அல்லது 120. ரிசீவர் கண்டுபிடித்த எண்ணைவிடக் கிராஸ்ஓவரை மேலே ஏற்றலாம், கீழே இறக்கக்கூடாது. அந்த எல்லைக்குக் கீழே திருத்தம் நடந்திருக்காது. எல்.எஃப்.இ. லோ-பாஸ் 120. "எல்.எஃப்.இ. பிளஸ் மெயின்" என்ற தேர்வு வேண்டாம், ஒரே பாஸ் இரண்டு இடத்திலிருந்து வந்து குழம்பும்.

சப்பின் தூரம் டேப்பில் 10 அடி, மெனுவில் 14 அடி என்று வந்தால் மாற்றாதீர்கள். சப்புக்குள் இருக்கும் மின்னணுவின் தாமதத்தையும் சேர்த்துத்தான் அது தூரமாகக் காட்டுகிறது. லெவல் மைனஸ் 12-ஐத் தொட்டிருந்தால் மட்டும் சப்பின் குமிழைக் குறைத்து மறுபடி ஓட்டுங்கள். அதற்குக் கீழே குறைக்க இடமில்லை என்று பொருள்.

"ஃபேஸ் தவறு" என்று ஏதாவது ஸ்பீக்கருக்கு எச்சரிக்கை வந்தால் சிவப்பு, கறுப்பு இரண்டையும் இரு முனையிலும் பாருங்கள். ஒயர் சரியாக இருந்தால் அதைத் தாண்டிப் போகலாம், சில ஸ்பீக்கர்களின் உள்ளமைப்பே அப்படித்தான். சுவருக்குள் ஒயர் போய் எது எதுவென்று தெரியவில்லையா? ரிசீவர் முனையில் ஒயர்களைக் கழற்றி, 1.5 வோல்ட் பென்டார்ச் செல்லை ஒரு நொடி தொட்டு எடுங்கள். செல்லின் பிளஸ் முனை சிவப்பில் இருக்கும்போது வூஃபர் வெளியே தள்ள வேண்டும்.

நடுவரிசை:

சப் இணைச்சதும் "ம்ம்ம்"னு மின் இரைச்சல் வந்தா பதறாதீங்க. செட்டாப் பாக்ஸ் இருந்தா அதோட கேபிள் கம்பியைக் கழற்றிப் பாருங்க. நின்னுடுச்சுன்னா கிரவுண்ட் லூப் (இரண்டு வழியா எர்த் ஆகி வர்ற இரைச்சல்); அந்தக் கம்பியில ஒரு ஐசொலேட்டர் போட்டா தீர்ந்தது. சப்போட எர்த் பின்னை மட்டும் எக்காரணம் கொண்டும் வெட்டாதீங்க. குறைஞ்ச சத்தத்துல படம் பார்க்கும்போது சப் தூங்கிப்போனா, ஆட்டோ ஸ்விட்சை "ஆன்"ல வைங்க.