காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு அடம்பிடிக்கும் 110 சிசி ஏடிவி: எதிலிருந்து பார்க்கத் தொடங்குவது?

மணலி_யார்டு:
அனைவருக்கும் வணக்கம். மணலியில் ஒரு கண்டெய்னர் யார்டில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். யார்டுக்குள் சுற்றி வருவதற்காக, கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் மணலில் சவாரிக்கு ஓடிக்கொண்டிருந்த ஒரு பழைய சீனத் தயாரிப்பு ஏடிவியை (மணல், மேடு பள்ளத்திலும் ஓடும் நான்கு சக்கர வண்டி) நிர்வாகம் வாங்கிப் போட்டிருக்கிறது. 110 சிசி ஏர் கூலிங் எஞ்சின், கார்புரேட்டர், கையால் தூக்கிவிடும் சோக், மூன்று கியர்களும் ஒரு ரிவர்ஸும் உண்டு. கிக்கர் கிடையாது, செல்ஃப் மட்டும்தான்.

காலை ஷிஃப்டுக்கு வந்து பட்டனை அழுத்தினால் செல்ஃப் நன்றாகவே சுற்றுகிறது. எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு, கார்புரேட்டர் பக்கமாக 'பட்' என்று ஒரு சத்தம் விட்டு அடங்கிவிடுகிறது. பேட்டரி சோர்ந்துபோகும் வரை அழுத்திய பிறகுதான் பிடிக்கிறது. சில நாள்களில் அதுவும் நடக்காமல், நிற்கும் டிரெய்லர் லாரியின் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்து எடுக்கிறார்கள். ஒருமுறை ஓடிச் சூடாகிவிட்டால் அன்று முழுவதும் தொட்டதும் ஸ்டார்ட் ஆகிறது. பிளக்கைப் புதிதாக மாற்றியாயிற்று. பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிதாகவும் ஊற்றியாயிற்று. மார்கழிப் பனிதான் காரணம் என்கிறார்கள் ஓட்டுநர்கள். கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார் ஒரு கடைக்காரர். செலவு செய்வதற்கு முன் எதைச் சோதிக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தண்டையார்பேட்டை_டேப்பட்:
தம்பி, பனியை முதலில் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள். சென்னையில் மார்கழி, தை மாதங்களின் அதிகாலையில்கூட வெப்பம் 20, 21 டிகிரிக்கு அருகில்தான் இருக்கும். அந்தக் குளிருக்கு எந்த நல்ல எஞ்சினும் முரண்டு பிடிக்காது. பனிப் பிரதேசங்களில் ஏடிவி வைத்திருப்பவர்களுக்கு எஞ்சின் ஆயில் இறுகிப்போவது ஒரு காரணமாக இருக்கலாம். நம் ஊரில் 'கோல்டு ஸ்டார்ட்' பிரச்சினை என்றால், ஆறிய எஞ்சினில் மட்டும் தலைகாட்டும் ஒரு பழுது உள்ளே இருக்கிறது என்று பொருள்.

அதைவிட முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும். டிரெய்லர் லாரியின் மின்சாரம் 24 வோல்ட். உங்கள் வண்டியுடையது 12 வோல்ட். இரண்டு பேட்டரிகளையும் சேர்த்து ஒயர் கொடுத்தால் சிறிய பேட்டரி வெடிக்கவும் கூடும், ரெக்டிஃபையர் (பேட்டரிக்கு ஏற்ற நேர் மின்சாரமாக மாற்றித் தரும் பாகம்) போன்றவை கருகவும் கூடும். அந்த வழக்கத்தை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

இனி சோதனைக்கு வருவோம். நாளைக் காலை, இரவு முழுவதும் ஆறிக் கிடந்த எஞ்சினைச் சோக் போட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் சற்று நேரம் சுற்றிவிட்டு, பிடிக்கவில்லை என்றால் உடனே பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஆக்ஸிலேட்டரைத் தொடக்கூடாது என்பதை ஓட்டுநர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே ஸ்டார்ட் செய்வது இந்த வண்டிகளில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். சோக் கூட்டித் தரும் பெட்ரோலின் பலனை அது குறைத்துவிடும். கழற்றிய பிளக் காய்ந்து இருந்தால் பெட்ரோல் வரவில்லை. ஸ்லோ ஜெட் (குறைந்த வேகத்தில் பெட்ரோல் தரும் நுண்துளை) அடைத்திருக்கலாம், சோக் தகடு முழுதாக மூடாமல் இருக்கலாம். ஈரமாக இருந்தால் பெட்ரோல் வருகிறது, ஆனால் ஸ்பார்க்கோ கம்ப்ரஷனோ போதவில்லை. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் கார்புரேட்டரை மாற்றச் சொல்வது, காய்ச்சல் எவ்வளவு என்று பார்க்காமலேயே ஊசி போடுவதற்குச் சமம்.

ஸ்பார்க் பார்ப்பது எளிது. பிளக்கை எஞ்சின் உடம்பில் எர்த் ஆகும்படி, பிளக் துளையை விட்டுத் தள்ளி வைத்துச் சுற்றுங்கள். கொழுத்த நீல நிறப் பொறி தெரிய வேண்டும். அப்படிச் சுற்றும்போதே பேட்டரியில் மீட்டர் வைத்தால், 9.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது. இறங்கினால் எஞ்சின் மெதுவாகச் சுற்றும். மேக்னெட் காயிலிலிருந்து சிடிஐக்கு (பிளக்கில் பொறியை உண்டாக்கும் மின்பெட்டி) போகும் மின்சாரமும் அதற்கேற்பக் குறையும்.

இவை இரண்டும் சரியாக இருந்தால், என் சந்தேகம் எல்லாம் டேப்பட் மீதுதான், அதாவது வால்வுத் தண்டுக்கும் அதை அமுக்கும் ராக்கருக்கும் நடுவே இருக்க வேண்டிய சிறு இடைவெளி மீது. கார்புரேட்டர் பக்கம் 'பட்' என்று சத்தம் வருவதாக நீங்கள் எழுதியது, காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் இன்லெட் வால்வை நோக்கிக் கை காட்டுகிறது. டேப்பட் இடைவெளி இல்லாமல் போனால் வால்வு தன் சீட்டில் முழுதாக உட்காராது. செல்ஃப் சுற்றும் குறைந்த வேகத்தில் கம்ப்ரஷன் அந்தச் சிறு வழியாகக் கசிந்துவிடும், கார்புரேட்டரில் உறிஞ்சலும் குறையும். சூடான எஞ்சினில் பெட்ரோல் தானாகவே ஆவியாகிவிடுவதால், அந்தக் குறையோடும் பிடித்துவிடுகிறது. அதனால்தான் பகலில் உங்களுக்கு எந்தத் தொந்தரவும் தெரிவதில்லை.

எர்ணாவூர்_ரைடர்:
ஐயா சொன்னதோடு பெட்ரோலைப் பற்றியும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். 2023 முதல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வரத் தொடங்கியது. பெட்ரோல் முழுதாக எரிய ஒரு பங்குக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. எத்தனாலுக்கு 9 பங்கு போதும். பழைய கலவைக்கு அமைத்த ஜெட்டோடு ஓடும் கார்புரேட்டருக்கு இதைத் தானாகச் சரிசெய்துகொள்ளத் தெரியாது. ஆகவே கலவை சற்று மெலிந்துவிடும். எத்தனால் ஆவியாவதற்குப் பெட்ரோலைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் வெப்பம் வேண்டும் என்பதால், ஆறிய எஞ்சினில்தான் இதன் விளைவு முதலில் தெரியும். கார்புரேட்டரில் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எங்கள் பக்கம் கடற்காற்று வேறு. வார இறுதியில் நிறுத்தி வைக்கும் வண்டியாக இருந்தால் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கார்புரேட்டரின் அடிக் கிண்ணமான ஃப்ளோட் சேம்பரில் மிஞ்சியதை வடித்துவிடுவது நல்லது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பிளக் கேப்பையும், பிரேமில் எர்த் ஒயர் போல்ட் ஆகும் இடத்தையும் கழற்றிப் பாருங்கள். வெளியில் இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, கழற்றினால் பச்சை பூத்திருக்கும்.

ராயபுரம்88:
இவ்வளவு சிரமம் எதற்கு? ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே ஒரு டப்பா வாங்கி ஏர் ஃபில்டரில் அடித்தால் உடனே பிடித்துவிடும்.

தண்டையார்பேட்டை_டேப்பட்:
பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் தினமும் அந்த ஸ்ப்ரேயில் உள்ள ஈத்தரை உள்ளே அனுப்பினால் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயில் படலம் கழுவப்பட்டு பிஸ்டன் ரிங்கும் போய்விடும். கார்புரேட்டர் வழியாகப் பின்னுக்கு வெடிக்கும் எஞ்சினில் அது தீ விபத்துக்கும் வழி. எர்ணாவூர் நண்பர் சொன்ன மிக்சர் ஸ்க்ரூவையும் டேப்பட் பார்த்த பிறகே தொட வேண்டும் என்பது என் கருத்து. கசியும் வால்வுக்கு ஈடாகக் கலவையைக் கூட்டினால், பிறகு இரண்டையும் திருத்த வேண்டியிருக்கும்.

மணலி_யார்டு:
பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. பிளக் ஈரமாகத்தான் இருந்தது. ஸ்பார்க் நீல நிறம். சுற்றும்போது பேட்டரி 10.4 வோல்ட். எர்த் போல்ட்டில் நண்பர் சொன்னது போலவே பச்சை பூத்திருந்தது, அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தும் காலை ஸ்டார்ட்டில் மாற்றம் இல்லை. ஆகவே டேப்பட் மூடியைத் திறக்கலாம் என்று இருக்கிறேன். இந்த எஞ்சினில் எப்படிச் செய்வது, எவ்வளவு இடைவெளி வைப்பது?

தண்டையார்பேட்டை_டேப்பட்:
எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். உங்களுடையது படுக்கை சிலிண்டர் கொண்ட, ஹோண்டாவின் கப் என்ற சிறு பைக்கின் வழி வந்த எஞ்சினாக இருந்தால், ஹெட்டில் மேலும் கீழும் இரண்டு வட்ட மூடிகள் இருக்கும். 17 நம்பர் ஸ்பேனர் போதும். கார்புரேட்டர் இருக்கும் மேல் பக்கம் இன்லெட், சைலன்சர் இறங்கும் கீழ்ப் பக்கம் எக்ஸாஸ்ட். பிளக்கைக் கழற்றிவிட்டு, இடப்பக்க மேக்னெட்டை ஓடும் திசையில் கையால் மெதுவாகத் திருப்புங்கள். இன்லெட் வால்வு அமுங்கி மேலே எழுந்த பிறகு அடுத்து வரும் T குறியை (பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டுவது), கேஸில் உள்ள கோட்டுக்கு நேராக நிறுத்துங்கள். ராக்கர் ஆடுகிறதா என்று பார்த்து மட்டும் இடத்தைத் தீர்மானிக்காதீர்கள். இடைவெளியே இல்லாத வால்வில் சரியான இடத்திலும் ராக்கர் ஆடாது, புதியவர்கள் குழம்புவது இங்கேதான்.

இரண்டுக்கும் 0.05 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) லேசான இழுவையோடு நுழைந்து வர வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் சேர்ந்து திரும்பும், அதைப் பிடித்துக்கொண்டே இறுக்கி, மறுபடியும் அளந்து பாருங்கள். செய்வதற்கு முன்பும் பின்பும், ஆக்ஸிலேட்டரை முழுதாக அழுத்தியபடி கம்ப்ரஷன் கேஜில் ஒரு அளவு எடுத்து வைத்தால் பேச்சுக்கே இடமிருக்காது.

மணலி_யார்டு:
இன்லெட்டில் 0.04 தகடுகூட நுழையவில்லை. எக்ஸாஸ்ட் சரியாகவே இருந்தது. கம்ப்ரஷன் முன்பு 6 கிலோ, டேப்பட் வைத்த பிறகு 10 கிலோவுக்குச் சற்று மேல். இன்று காலை சோக் மட்டும் போட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் அழுத்தியதும் பிடித்துக்கொண்டது. இன்லெட் மட்டும் ஏன் இறுகியது என்பதுதான் புரியவில்லை. ஏர் ஃபில்டரைக் கழற்றியபோது ஸ்பாஞ்ச் ஒரு பக்கம் கிழிந்திருந்தது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

தண்டையார்பேட்டை_டேப்பட்:
நேரடித் தொடர்பு இருக்கக்கூடும். கிழிந்த ஃபில்டர் வழியாகப் போகும் மணலும் யார்டுத் தூசியும் முதலில் மோதும் இடம் இன்லெட் வால்வின் முகமும் அதன் சீட்டும்தான். அவை தேயத் தேய வால்வு ஹெட்டுக்குள் மேலும் ஏறி உட்காரும், அதன் தண்டு ராக்கரை நெருங்கும், இடைவெளி மறையும். ஸ்பாஞ்சை இன்றே மாற்றி, ஃபில்டர் ஆயிலில் நனைத்துப் பிழிந்து மாட்டுங்கள். கார்புரேட்டரோடு சேரும் ரப்பரின் கிளாம்ப்பையும் இறுக்குங்கள்.

அடுத்த ஆயில் மாற்றத்தின்போது மீண்டும் அளந்து பாருங்கள். 0.05 அப்படியே நின்றால் கவலையில்லை. மறுபடியும் இறுகியிருந்தால் இன்னொரு முறை தளர்த்தி ஓட்ட வேண்டாம். ஹெட்டைக் கழற்றி, வால்வை மாற்றி, சீட்டை வெட்டி லேப்பிங் (இரண்டும் பொருந்தும்படி தேய்ப்பது) செய்யத்தான் வேண்டும். அப்போது ரிங்கையும் பார்த்துவிடச் சொல்லுங்கள், உள்ளே போன மணல் வால்வோடு நின்றிருக்காது.