மலைச் சைக்கிள் வழிகாட்டி வேலையை முழுநேரத் தொழிலாக ஏற்கலாமா?

தடம்தேடி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். பல ஆண்டுகளாக வார இறுதிகளில் மலைத் தடங்களில் சைக்கிள் ஓட்டி வருகிறேன். இப்போது அலுவலக வேலையை விட்டுவிட்டு, பயணிகளை அழைத்துச் செல்லும் மலைச் சைக்கிள் வழிகாட்டியாகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். பாறைகளும் வேர்களும் நிறைந்த செங்குத்தான இறக்கங்களில் ஓரளவு தயக்கமின்றி ஓட்டுவேன். அந்தத் திறமை போதுமா? இந்த வேலையில் மகிழ்ச்சி எங்கே இருக்கிறது, சிரமம் எங்கே இருக்கிறது என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். ஒரு பருவம் முழுவதும் இதையே செய்த பிறகும் சைக்கிள் மீதான ஆசை மிஞ்சுமா என்பதுதான் என்னை அதிகம் உறுத்தும் கேள்வி.

முன்சக்கரம்:

நண்பரே, நன்றாக ஓட்டத் தெரிந்திருப்பது அவசியம்தான். ஆனால் பணி நாளில் அந்தத் திறமையைக் காட்ட உங்களுக்கு வாய்ப்பே அமையாது. குழுவிலேயே மெதுவாக ஓட்டுபவர் எவரோ, அவருடைய வேகம்தான் உங்கள் வேகம். உங்கள் கவனத்தில் பாதி எப்போதும் பின்னால் வருபவர்களிடம் இருக்கும். கடினமான பகுதிக்கு முன்பாகவே நிறுத்தி, எந்தக் கோட்டில் இறங்க வேண்டும் என்று காட்ட வேண்டும். பாதை பிரியும் ஒவ்வோர் இடத்திலும் கடைசி ஆள் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும்.

வேலையின் கடினமான முடிவு பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்திலேயே எடுக்கப்படுகிறது. வருபவர்கள் தங்கள் திறமையைப் பற்றிச் சொல்வதை அப்படியே நம்ப முடியாது. பொய் சொல்கிறார்கள் என்று பொருளில்லை. தாங்கள் பழகிய தடத்தை வைத்தே தங்களை அளக்கிறார்கள். பச்சை வட்டம் (எளிது), நீலச் சதுரம் (நடுத்தரம்), கறுப்பு வைரம் (கடினம்) என்று தடங்களைத் தரம் பிரிக்கும் முறை பல நாடுகளில் இருந்தாலும், ஓரிடத்து நீலத் தடம் வேறோர் இடத்துக் கறுப்புத் தடத்துக்கு நிகராக இருப்பதுண்டு. மழை பெய்து வேர்கள் வழுக்கத் தொடங்கிவிட்டால் பலகையில் எழுதியிருக்கும் தரத்துக்கு அர்த்தமே இல்லை. ஆகவே எளிய சரிவொன்றில் எல்லோரையும் ஓட்டவிட்டு, பெடல்களை மட்டமாக வைத்து எழுந்து நிற்கிறார்களா, பார்வை முன்சக்கரத்தில் விழுகிறதா தொலைவில் விழுகிறதா, பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வருகிறார்களா என்று கவனித்த பிறகே அன்றைய தடத்தை முடிவு செய்ய வேண்டும். தொடர்ந்து பிரேக்கைப் பிடித்து இறங்குபவருக்கு விரல்கள் மரத்துப்போகும், பிரேக்கும் சூடேறிப் பிடிப்பை இழக்கும். நீண்ட இறக்கத்தில் இது விளையாட்டல்ல.

மகிழ்ச்சியும் இந்தக் கவனிப்பிலிருந்துதான் வருகிறது. காலையில் ஒரு பாறைப் படியைப் பார்த்துவிட்டு இறங்கி நடந்தவர், நீங்கள் சொன்ன ஒரே ஒரு திருத்தத்தால் மாலையில் அதைச் சைக்கிளிலேயே கடக்கும்போது, அவரைவிட நமக்கே அதிகம் பூரிப்பாக இருக்கும். இது உங்களுக்குச் சுவைக்கவில்லையென்றால், மலையும் காற்றும் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த வேலை சலித்துவிடும்.

செயின்_எண்ணெய்:

பயணம் முடிந்த பிறகு நடக்கும் வேலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எல்லோரும் குளித்து ஓய்வெடுக்கும் நேரத்தில் வழிகாட்டி சைக்கிள்களைக் கழுவி, போல்ட்டுகளைச் சோதித்து, தேய்ந்த பிரேக் பேடுகளை மாற்றி, மறுநாள் வருபவரின் எடைக்கேற்ப சஸ்பென்ஷனில் காற்றழுத்தத்தைச் சரிசெய்துகொண்டிருப்பார். டியூப் இல்லாத டயர்களுக்குள் ஊற்றும், சிறு துளைகளைத் தானே அடைக்கும் சீலண்ட் திரவம் சில மாதங்களில் காய்ந்துவிடும். அதைக் கவனிக்காமல் விட்டால் சிறு முள் குத்தினாலும் காற்று இறங்கும். எனவே அத்தகைய டயர்கள் இருந்தாலும் மாற்று டியூபைச் சுமந்துதான் ஆக வேண்டும்.

பின்கியரைத் தாங்கும் ஹேங்கர் என்னும் சிறு உலோகத் துண்டுதான் நெடுங்காலம் எங்களுக்குத் தலைவலியாக இருந்தது. சைக்கிளின் சட்டத்துக்குச் (ஃபிரேம்) சட்டம் அது மாறும். கீழே விழுந்தால் முதலில் வளைவதும் அதுவே. பல சட்டங்களுக்குப் பொதுவான ஹேங்கரை, சைக்கிள் உதிரிபாகங்கள் தயாரிக்கும் ஸ்ராம் நிறுவனம் 2019இல் கொண்டுவந்த பிறகு நிலைமை சற்றுச் சீரடைந்திருக்கிறது. ஆனாலும் விருந்தினர் சொந்தச் சைக்கிளோடு வந்தால், அதற்குரிய ஹேங்கரை அவரே எடுத்துவரச் சொல்லிவிடுங்கள்.

மின்சார சைக்கிள்களையும் சாதாரணச் சைக்கிள்களையும் ஒரே குழுவில் கலக்காமல் இருந்தால் உங்களுக்குப் புண்ணியம். ஏற்றத்தில் ஒரு பாதி குழு கண்ணுக்கு எட்டாத தொலைவுக்குப் போய்விடும். விழுந்து கிடக்கும் மரத்தைத் தாண்ட நேர்ந்தால், அந்தக் கனத்த வண்டிகளைத் தூக்குவதற்கு உங்களைத்தான் பார்ப்பார்கள்.

பழைய_வழிகாட்டி:

நான் இந்த வேலையை விட்டு விலகியவன். ஆகவே மறுபக்கத்தைச் சொல்கிறேன். இது பருவகால வேலை. பனியோ மழையோ தடத்தை மூடிவிட்டால் வருமானமும் நின்றுவிடும். சிலர் வடகோளத்தில் கோடை முடிந்ததும் தென்கோளத்துக்குச் சென்று இன்னொரு கோடையில் பணிபுரிகிறார்கள். குடும்பம் உள்ளவர்களுக்கு அது எளிதல்ல. சொந்த சைக்கிளின் தேய்மானம் பல இடங்களில் வழிகாட்டியின் தலையிலேயே விழுகிறது. மணிக்கட்டும் முழங்காலும் தேய்வதற்கு மாற்று உதிரிபாகம் கிடையாது.

என்னை அதிகம் களைப்படையச் செய்தது உடலுழைப்பு அல்ல, பொறுப்பு. ஒருவர் விழுந்து காறை எலும்பு முறிந்தால், அவருக்கு முதலுதவி செய்வதோடு, மீட்புக் குழுவுக்கு இருப்பிடத்தைத் துல்லியமாகத் தெரிவித்து, நிற்கவைத்த மற்றவர்கள் குளிரில் நடுங்காமலும் பதறாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். தலையில் அடிபட்டவர் தனக்கு ஒன்றுமில்லை என்று எவ்வளவு வாதாடினாலும் அவரை மேற்கொண்டு ஓட்டவிடக் கூடாது. மூளை அதிர்ச்சியின் அறிகுறிகள் தாமதமாகவும் வெளிப்படலாம். பணம் கட்டி வந்தவரிடம் அன்றைய பயணம் முடிந்தது என்று சொல்வதற்கு ஒரு கடுமை வேண்டும். அதைச் சொன்ன அடுத்த நிமிடமே மற்றவர்களிடம் சிரித்த முகத்தோடு பேசவும் வேண்டும். ஆசை மிஞ்சுமா என்று கேட்டீர்கள். எனக்கு, விடுமுறை நாளில் சைக்கிளைத் தொடவே மனம் வரவில்லை. வேலையை விட்ட பிறகுதான் அது திரும்பியது.

முன்சக்கரம்:

மேலே சொன்ன சிரமங்களில் எதையும் மறுக்க மாட்டேன். ஆனால் ஆசை வற்றுவது எல்லோருக்கும் நேர்வதில்லை. ஒரே தடத்தில் தினமும் ஆட்களை அழைத்துச் செல்லும் இடங்களில் அது விரைவில் நேர்கிறது. குழுவுக்கேற்பத் தடத்தை மாற்ற வழிகாட்டிக்கு உரிமை இருக்கும் இடங்களில் குறைவாகவே பார்த்திருக்கிறேன். வேலைக்குச் சேரும் முன் அந்த ஒரு கேள்வியை அவசியம் கேளுங்கள்.

தடம்தேடி:

அனைவருக்கும் மிக்க நன்றி. பொறுப்பைப் பற்றிச் சொன்னது என்னை நிதானிக்க வைத்திருக்கிறது. அலுவலக வேலையை விடாமலேயே இதைச் சோதித்துப் பார்க்க வழி உண்டா?

பழைய_வழிகாட்டி:

உண்டு. கூட்டம் மிகும் வார இறுதிகளில் குழுவின் கடைசியில் ஓட்டிவரும் துணை வழிகாட்டிக்குத் தேவை இருக்கும். பஞ்சரும் பயமும் சோர்வும் எல்லாம் கடைசியில்தான் வந்து சேரும் என்பதால், இந்த வேலை உங்களுக்குப் பொருந்துமா என்பது முன்னால் போவதைவிட அங்கே விரைவில் தெரிந்துவிடும். சைக்கிள் பயிற்றுநர் சான்றிதழுக்குச் செலவழிக்கும் முன், மருத்துவ உதவி எட்டாத இடங்களுக்கான முதலுதவிப் பயிற்சியைப் பெறுங்கள். அடிப்படைப் பயிற்சி வழக்கமாக 16 மணி நேரம், அதாவது இரண்டு நாட்கள். முழுமையான பயிற்சி 70 மணி நேரத்துக்கும் மேல் நீளும். தொடக்கத்துக்கு அடிப்படைப் பயிற்சியே போதும். சான்றிதழைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதால், பருவம் தொடங்குவதற்குச் சற்று முன்பாக அதை முடித்துக்கொள்வது நல்லது.